கேட்டதை வெளியே சொன்னார், பதவி போச்சு: ஒலிம்பிக் ஸ்கேட்டிங்கை மாற்றிய நடுவரின் கதை

பெரும்பாக்கம் அப்பார்ட்மென்ட்களில் சாயங்காலம் ஆனால் ஸ்கேட்ஸ் மாட்டிக்கொண்டு சுற்றும் வாண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு இப்போது நம்ம ஊர் ஹீரோ ஒருவர் இருக்கிறார். 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில், 1,000 மீட்டர் பிரிவில் தங்கம் வென்றார் தமிழ்நாட்டின் ஆனந்த்குமார் வேல்குமார். நேரம் 1 நிமிடம் 24.924 விநாடி. யார் முதலிடம் என்பதைக் கடிகாரமே சொல்லிவிடும்.

ஆனால், ஐஸ் தரையில் சுழன்று, தாவி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் கடிகாரத்துக்கு வேலை இல்லை. அங்கே மார்க் போடுவது மனிதர்கள். அவர்கள் மீதே சந்தேகம் வந்தால்?

யார் இந்த ஸ்டேபிள்ஃபோர்ட்?

சாலி ஸ்டேபிள்ஃபோர்ட், பிரிட்டன் வீராங்கனை. 1963 முதல் 1968 வரை தொடர்ந்து 6 முறை தேசிய சாம்பியன். 1965 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. 1964, 1968 ஒலிம்பிக்கிலும் ஆடினார். ஓய்வுக்குப் பிறகு நடுவரானார். 2002-ல் சர்வதேச ஸ்கேட்டிங் யூனியனின் ஃபிகர் ஸ்கேட்டிங் தொழில்நுட்பக் குழுத் தலைவராக இருந்தார்.

2002-ல் என்ன நடந்தது?

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக், ஜோடிப் பிரிவு. ரஷ்ய ஜோடி ஒரு தாவலில் தடுமாறியது. கனடா ஜோடி பிழையில்லாமல் ஆடியது. ஆனாலும் 5-4 என்ற கணக்கில் தங்கம் ரஷ்யாவுக்கு. அரங்கத்தில் கூச்சல்!

பிறகு ஹோட்டலில் ஸ்டேபிள்ஃபோர்டைப் பார்த்த பிரான்ஸ் நடுவர் மாரி-ரெய்ன் லெ கூன் உடைந்து அழுதார். ரஷ்யாவுக்கு ஓட்டுப் போடச் சொல்லி, தன் நாட்டு சம்மேளனத்திலிருந்து அழுத்தம் வந்ததாகச் சொன்னார். ஸ்டேபிள்ஃபோர்ட் அதை மூடி மறைக்கவில்லை. லெ கூன் பின்னர் பேச்சை மாற்றி, மனசாட்சிப்படிதான் ஓட்டுப் போட்டேன் என்றார்.

சில நாட்களில் கனடா ஜோடிக்கும் தங்கம் கிடைத்தது. லெ கூனுக்கும் பிரான்ஸ் சம்மேளனத் தலைவருக்கும் 3 ஆண்டு தடை.

சரி, ஸ்டேபிள்ஃபோர்டுக்கு என்ன ஆச்சு?

அதே ஆண்டு ஜூனில் ஜப்பானின் கியோட்டோவில் நடந்த யூனியன் தேர்தலில், ரஷ்யாவின் அலெக்சாண்டர் லகெர்னிக்கிடம் தலைவர் பதவியை இழந்தார்.

இப்போ மார்க் எப்படி?

2004-ல் பழைய 6.0 முறைக்கு டாடா காட்டினார்கள். இப்போது ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் அடிப்படை மதிப்பு உண்டு. அதை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தார்கள் என்பதற்கு நடுவர்கள் -5 முதல் +5 வரை தருவார்கள். அதில் மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் கழித்துவிட்டுத்தான் சராசரி. ஒருவர் இஷ்டத்துக்கு மார்க் போட்டாலும் பாதிப்பு குறைவு.

இதிலும் ஒரு ட்விஸ்ட். எந்த நடுவர் என்ன மார்க் போட்டார் என்பதைப் பல ஆண்டுகள் ரகசியமாக வைத்திருந்தார்கள். அழுத்தத்திலிருந்து நடுவர்களைக் காக்கவாம்! ஆனால், பெயர் தெரியாவிட்டால் யாரைக் கேள்வி கேட்பது? 2016-ல்தான் அந்த ரகசியத்தைக் கைவிட முடிவெடுத்தார்கள்.

ஃபார்முலா எவ்வளவு மாறினாலும், தப்பு நடந்ததாகக் காதில் விழுந்தால் எழுந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். அப்படிச் சொல்பவரின் நாற்காலிக்கு யார் பாதுகாப்பு?