சராசரிக்குள் மறையும் சேரி: தொண்டை அடைப்பான் தடுப்பூசி யாரை எட்டவில்லை?

டிப்தீரியா எனப்படும் தொண்டை அடைப்பான் ஒழிந்துபோன நோய் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், 2018 செப்டம்பரில் டெல்லி மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்நோய்க்குப் பலியாயினர். அவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி கிடைக்கப் பெறாதவர்கள்.

இருமல், தும்மல் வழியே பரவும் இந்நோய்க் கிருமி, தொண்டையில் சாம்பல் நிறப் படலத்தை உண்டாக்கி மூச்சை அடைக்கிறது. அது வெளியிடும் நச்சு இதயத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது. நச்சு உயிரணுக்களுக்குள் புகுந்தபின் நச்சுமுறி மருந்தும் பயன் தராது. ஆகவே, வருமுன் தடுப்பதே வழி.

இந்தியாவின் தேசிய அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணைகள், 16 முதல் 24 மாதங்களுக்குள் ஒன்று, 5 வயதைக் கடந்ததும் ஒன்று, 10, 16 வயதுகளில் ஒவ்வொன்று என ஏழு தவணைகள் இலவசமாகப் போடப்படுகின்றன. காலப்போக்கில் எதிர்ப்பாற்றல் குறைவதால், பிந்தைய தவணைகளும் இன்றியமையாதவை.

இத்தடுப்பூசி நச்சை முறிக்கிறதே தவிர, கிருமி தொண்டையில் தங்குவதை முற்றிலும் தடுப்பதில்லை. தடுப்பூசி பெற்றவரிடமிருந்தும் பெறாத குழந்தைக்கு நோய் பரவக்கூடும். எனவே எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பதோடு, எங்கே விடுபட்டார்கள் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

நூறு குழந்தைகள் உள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். தொண்ணூறு பேருக்குத் தடுப்பூசி முடிந்துவிட்டது. விடுபட்ட பத்துப் பேரும் கிராமம் முழுவதும் பரவியிருந்தால் நோய் பரவும் வாய்ப்பு குறைவு. அதே பத்துப் பேரும் இருபது குழந்தைகளே உள்ள சேரியில் இருந்தால், அங்கே பாதிப் பேர் பாதுகாப்பற்றவர்கள். அரசு அறிக்கையோ இரு நிலைகளிலும் 90 விழுக்காடு என்றே சொல்லும்.

இந்த விடுபடலுக்குப் பெற்றோரின் அறியாமையைக் காரணம் காட்டுவது எளிது. ஊசி போட்ட மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், தாய்க்கு ஒரு நாள் கூலி போகிறது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் இடம்பெயரும் குடும்பங்களின் பெயர் எந்த ஊர்ப் பதிவேட்டிலும் நிலைப்பதில்லை. பள்ளியில் போடப்படும் தவணைகள் இடைநின்ற பிள்ளைகளைச் சென்றடைவதில்லை. முகாம் ஊர்ப்பகுதியிலேயே நடந்தால், சேரித் தாய்மார்கள் தயக்கத்தோடுதான் அங்கே செல்ல வேண்டியிருக்கிறது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களின் தலித் குழந்தைகளைப் பற்றி சங்கமித்ரா ஆச்சார்யா மேற்கொண்டு 2010இல் வெளியான ஆய்வு, மருந்து கொடுக்கும் கைகளிலும் தீண்டாமை செயல்படுவதைப் பதிவு செய்துள்ளது.

பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்குள்ளோ நுழைவதைத் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குற்றம். ஆனால், யாரும் வாசலில் தடுக்காமலேயே ஒரு குடியிருப்பு முழுவதும் விடுபட்டுப் போக முடியும். அந்தப் புறக்கணிப்பை வெளிக்கொணரத் தரவு வேண்டும்.

ஆகவே, நாம் செய்ய வேண்டியவை தெளிவானவை. தடுப்பூசி விவரங்களைக் குடியிருப்பு வாரியாக வெளியிடுமாறு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்போம். முகாம்களைச் சேரிக்குள்ளும், வேலை முடிந்த மாலை நேரங்களிலும், சூளைகளிலும் நடத்தக் கோருவோம். நம் தெருக் குழந்தைகளின் தடுப்பூசி அட்டைகளை வாங்கிப் பார்த்து, 5, 10, 16 வயதுத் தவணைகள் விடுபட்டிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் பட்டியலாகக் கொடுப்போம். மாவட்ட மருத்துவமனையில் நச்சுமுறி மருந்து இருப்பில் உள்ளதா என்றும் கேட்போம். நோய் வந்தபின் அதைத் தேடிக்கொண்டிருக்க நேரமிராது.