வலி தணிக்கும் ஊசியும் ஸ்கேன் சட்டமும்

புது தில்லி: வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு இருமுவதே பெரும் வேதனை. வலிக்கு அஞ்சி மூச்சை ஆழமாக இழுக்காவிட்டால் நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வரலாம். வலிக்கு மார்ஃபின் உதவும். ஆனால் வாந்தி, குடல் மந்தம் போன்ற பக்க விளைவுகள் உண்டு; அளவு மிஞ்சினால் மூச்சே அடங்கக்கூடும்.

மார்ஃபின் தேவையைக் குறைக்கும் வழிகளில் ஒன்று, 2001-ல் மருத்துவ உலகுக்கு அறிமுகமான 'டேப் பிளாக்'. வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு இடையே ஓடும் நரம்புகளை மருந்து செலுத்திப் பல மணி நேரம் மரத்துப்போகச் செய்யும் முறை இது. தையலிட்ட இடத்தின் வலி தணியும். உள்ளுறுப்பு வலிக்கு வேறு மருந்து தேவை.

கருவிக்கும் கட்டுப்பாடு: ஊசி குடலையோ கல்லீரலையோ குத்திவிடாமல் இருக்க அல்ட்ராசவுண்ட் கருவி வழிகாட்டுகிறது. பெண் கருக்கொலையைத் தடுக்க 1994-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, கருவின் பாலினத்தைக் காட்டக்கூடிய கருவிகள் இருக்கும் இடங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். மயக்க மருந்து நிபுணர்கள் நரம்பைத் தேடப் பயன்படுத்தும் ஸ்கேன் கருவிகளும் இக்கட்டுப்பாட்டிலிருந்து தப்புவதில்லை.

முன்னுதாரணம்: 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நோயாளிகளுக்கு மார்ஃபின் எட்டாக்கனியானது. 2014-ல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, அத்தியாவசிய மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே சீரான விதிமுறைக்கு வழி வகுத்தது. கடத்தலுக்கான தண்டனை நீடித்தது.

கருக்கொலைத் தடுப்பில் தளர்வு கூடாது. அதே வேளையில், வலி தணிக்கும் கருவி சிற்றூர் மருத்துவமனைகளையும் எளிதில் எட்ட விதிகளைச் சீராக்குவது அரசின் கடமை.