தனித்து வந்த சிறார்

கொடுங்கோன்மை ஒரு நாட்டைப் பற்றுங்கால், பெற்றோர் தாம் உடன்செல்ல இயலாமையின் தம் மக்களை மட்டும் அயல்நாட்டிற்கு அனுப்புதல் உண்டு. அங்ஙனம் வரும் சிறார்க்கு உணவும் உறையுளும் அளித்தால் கடமை முடிந்தது என்று பலர் கருதுவர். அஃது அவ்வாறன்று. அச்சிறார் புதிய சமுதாயத்தோடு ஒன்றுதற்கு வேண்டுவன யாவை என்பதனை, இங்கிலாந்தில் நிகழ்ந்ததொன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1938 நவம்பர் 9, 10 ஆகிய நாட்களில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்தம் தொழுகைக் கூடங்கள் எரியூட்டப்பட்டன; கடைகள் சூறையாடப்பட்டன. யூதத் தலைவர்களும், குவேக்கர் என்னும் கிறிஸ்தவக் குழுவினரும் முயன்று, பதினேழு வயதிற்குட்பட்ட சிறாரை ஏற்றுக்கொள்ள ஆங்கில அரசின் இசைவைப் பெற்றனர். டிசம்பர் 2-ஆம் நாள் முதற் குழுவினர் ஏறத்தாழ 200 பேர் ஹார்விச் துறைமுகத்தை அடைந்தனர். 1939 செப்டம்பரில் போர் மூளுங்காறும் வந்து சேர்ந்தோர் ஏறத்தாழ 10,000 பேர். கழுத்தில் ஓர் எண் அட்டை, கையில் ஒரு சிறு பெட்டி; அவர்தம் உடைமை இவ்வளவே. மிகப் பலர் தம் பெற்றோரை மீண்டும் கண்டிலர்.

இவ்வுதவி பெரிது, எனினும் குறையற்றதன்று. டோவர்கோர்ட் என்னும் கடற்கரை முகாமிற்கு வளர்ப்புப் பெற்றோர் வந்து, சிறாரைப் பார்த்துத் தெரிந்தெடுத்தனர். இளையோரும் அழகியோரும் முன்னே சென்றனர். வயது மிக்க சிறுவர் எஞ்சி நின்றனர். ஒரு வீட்டில் ஒருவர்க்கே இடமிருந்தமையின் உடன்பிறந்தார் பலர் பிரிக்கப்பட்டனர். கிறிஸ்தவ இல்லங்களில் வளர்ந்த சிலர் தம் முன்னோர் சமயத்தை இழந்தனர். அன்பு செய்வோர் தம்மைப்போலவே பிறரையும் ஆக்க விழைதல் இயல்பே. ஆயினும் அனைத்தும் இழந்த குழந்தையிடம் எஞ்சியிருப்பதையும் வாங்கிக்கொள்ளுதல் அறமாகாது. கிறிஸ்தவராகிய நாம் இதனைச் சிறப்பாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, நன்முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. அன்னா எஸ்ஸிங்கர் என்னும் யூத அம்மையார் 1933-இல் தம் பள்ளியை ஜெர்மனியினின்றும் பெயர்த்து, இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் பன்ஸ் கோர்ட் என்னுமிடத்தில் நிறுவினார். தனித்து வந்த சிறாருட் சிலரை அங்குச் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது. அதே வேளையில், தம்மைப் போன்றே நாடிழந்த ஆசிரியரும் தோழரும் உடனிருந்தனர். தோட்ட வேலையும் வீட்டு வேலையும் ஆசிரியர், மாணாக்கர் அனைவர்க்கும் பொதுவாயின. ஆகவே, தாம் பிறர் சோற்றை உண்ணும் ஏழையர் என்னும் எண்ணம் நீங்கி, இவ்விடம் எமது என்னும் உரிமையுணர்வு தோன்றிற்று. 1939-இல் பெர்லினிலிருந்து தனியே வந்து இப்பள்ளியிற் பயின்ற பிராங்க் அவர்பாக்கின் பெற்றோர் நாஜிகளாற் கொல்லப்பட்டனர். அவர் பின்னர் இங்கிலாந்தின் தலைசிறந்த ஓவியருள் ஒருவராகி, 2024-இல் மறைந்தார்.

புதுமொழி கற்றல் இன்றியமையாதது. தாய்மொழியை மறத்தல் இன்றியமையாததன்று. அம்மறதியின் துன்பத்தைப் பின்லாந்துச் சிறாரிடம் காணலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஏறத்தாழ 70,000 பின்லாந்துச் சிறார் சுவீடன் முதலிய அண்டை நாடுகட்கு அனுப்பப்பட்டனர். திரும்பி வந்தோருட் பலர் தாய்மொழி மறந்து, ஈன்ற தாயோடும் உரையாட இயலாராயினர்.

மற்றொன்றும் கூறற்பாலது. 1940-இல், இங்கிலாந்தில் அடைக்கலம் பெற்றிருந்தோருள் பதினாறு வயது கடந்த பலர் பகைநாட்டார் எனக் கருதப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டனர். இல்லம் ஏற்பினும் அரசு ஐயுறுமாயின் ஒருவன் அந்நாட்டின் மகனாதல் அரிதன்றோ?

எனவே, உடன்பிறந்தாரைப் பிரியாமை, புதுமொழியோடு தாய்மொழியையும் பேணுதல், சமயத்தை மதித்தல், பொதுப்பணியிற் பங்களித்தல், சட்டத்தின் பாதுகாப்பு ஆகிய ஐந்தும் வேண்டற்பாலன. வேரில் பழைய மண் சிறிது ஒட்டியிருக்கப் பெயர்த்து நட்ட கன்றே புதிய நிலத்தில் தழைக்கும். மண்ணை முற்றும் உதறிவிட்டு நட்டபின், அது வாடியதென்று கன்றின்மேற் குறைகூறுதல் நேரிதன்று.