கிழட்டுத் துப்பாக்கிக்காரன் கதை

தர்மபுரி மாவட்டத்திலே காட்டோரங்களில் பழைய நடுகற்கள் பல நிற்கின்றன. தர்மபுரி அகழ்வைப்பகத்திலும் அவற்றைக் காணலாம். பல்லவர் காலத்துக் கற்களும் உண்டு. ஊர் மாடுகளைப் பகைவர் ஓட்டிச் சென்றபோது, எதிர்த்து நின்று உயிர் விட்டவர்களுக்கு எடுத்த கற்கள்!

மாடு, எல்லை, ஆயுதம். இந்த மூன்றையும் வைத்துத்தான் அமெரிக்கர்கள் 'கௌபாய்' படங்களை எடுத்துத் தள்ளினார்கள். குதிரையில் வருவான்; சுடுவான்; கெட்டவன் விழுவான்; கொட்டகை அதிரும். அத்தகைய படங்களால் புகழ் பெற்றவர் கிளின்ட் ஈஸ்ட்வுட்.

அவரே 1992-ல் 'அன்ஃபர்கிவன்' என்ற படத்தை இயக்கி, கதாநாயகனாகவும் நடித்தார். 'மன்னிக்கப்படாதவன்' என்று பொருள் சொல்லலாம். கதை டேவிட் வெப் பீப்பிள்ஸ் எழுதியது. கதை கைக்கு வந்தும் ஈஸ்ட்வுட் அவசரப்படவில்லை. வேடத்துக்கு ஏற்ற வயது வரட்டும் என்று பல வருஷம் காத்திருந்தார். படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 62!

பன்றிப் பண்ணை

கதை நடப்பது 1880-ஆம் ஆண்டு வாக்கில். வில்லியம் மன்னி ஒரு காலத்தில் பெண், பிள்ளை என்று பாராமல் கொன்றவன். மனைவி அவனைத் திருத்தினாள். பிறகு இறந்து போனாள். இரண்டு குழந்தைகளோடு பன்றி வளர்த்துப் பிழைக்கிறான். பன்றிகளுக்கோ காய்ச்சல்.

வயோமிங் எல்லைப்புறத்தில் ஓர் ஊர். மாட்டுக்காரன் ஒருவன், விடுதிப் பெண் ஒருத்தியின் முகத்தைக் கத்தியால் கிழித்து விடுகிறான். ஊர்க்காவல் அதிகாரி என்ன செய்தார்? குதிரைகளை அபராதமாக விதித்தார். அவையும் விடுதி முதலாளிக்கு! கொதித்த பெண்கள் காசு சேர்த்து, அவனையும் அவன் கூட்டாளியையும் கொல்பவருக்கு 1,000 டாலர் என்கிறார்கள்.

மன்னி பழைய துப்பாக்கியைத் தேடி எடுக்கிறான். குறி தவறுகிறது. குதிரை மேல் ஏறினால் விழுகிறான். பாவம்!

கூட வரும் இளைஞன், ஐந்து பேரைக் கொன்றதாகப் பீற்றிக் கொள்பவன். கண்ணும் சரியாகத் தெரியாது. உண்மையில் முதன்முதலாக ஒருவனைச் சுட்டதும், மரத்தடியில் குடித்துக்கொண்டே அழுகிறான். படத்திலே உயர்ந்த கட்டம் இதுதான். துப்பாக்கிக்காரர்களைப் பற்றிப் புளுகுப் புத்தகம் எழுதும் ஓர் எழுத்தாளனும் வருகிறான். அவன் சிரிப்புக்கு.

நண்பன் நெட் அடித்துக் கொல்லப்பட்டான் என்று கேட்டதும் மன்னி மீண்டும் குடிக்கிறான். பழைய பேய் திரும்பி வருகிறது. அதிகாரியைச் சுட்டுக் கொல்கிறான். பழி தீர்ந்தது; ஆனால் பார்ப்பவருக்குக் கைதட்டத் தோன்றாது.

1993-ல் படம் நான்கு ஆஸ்கார் பரிசுகள் பெற்றது. சிறந்த படம், சிறந்த இயக்குனர் இரண்டும் ஈஸ்ட்வுட்டுக்கு. அதிகாரியாக நடித்த ஜீன் ஹாக்மனுக்கும் ஒன்று.

மன்னிக்கு யாரும் கல் நடவில்லை. மனைவியின் கல்லறை மட்டும் நிற்கிறது. பிள்ளைகளோடு சான் பிரான்சிஸ்கோ போய், ஜவுளி வியாபாரத்தில் நன்றாக இருப்பதாக ஊரிலே பேச்சு.