உருவொத்த இரட்டையரைச் சுமக்கும் தாய்

வயிற்றில் இரு குழந்தைகள் வளர்கின்றன என்ற செய்தி ஒரு குடும்பத்தில் மகிழ்ச்சியையும் அச்சத்தையும் ஒருங்கே விளைவிக்கின்றது. ஒட்டிய வாழைப்பழத்தை உண்டதே இதற்குக் காரணம் என்று கூறுவாரும் உளர். அக்கூற்றில் உண்மை இல்லை. இரு முட்டைகள் தனித்தனியே கருவுற்றுப் பிறக்கும் இரட்டையர் ஒரு வகையினர். கருவுற்ற ஒரே முட்டை சில நாட்களுக்குள் இரண்டாகப் பிரிந்து உருவாகும் உருவொத்த இரட்டையர் மற்றொரு வகையினர். இவ்வகைப் பேறு 1,000 பிரசவங்களில் ஏறக்குறைய 3 அல்லது 4 ஆகும்.

உருவொத்த இரட்டையருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஒரே நஞ்சுக்கொடியின் வாயிலாக உணவு பெறுகின்றனர். ஒரே மடையில் நீர் பெறும் இரு வயல்களை உழவர்கள் அறிவர். பங்கீடு தவறினால் ஒரு வயல் காயும். மற்றொன்றில் நீர் மிகுந்து பயிர் அழுகும். அவ்வாறே, இத்தகைய கருப்பங்களில் 100-க்கு 10 முதல் 15 வரை, ஒரு குழந்தையின் குருதி மற்றொன்றிற்கு மிகுதியாகச் சென்றுவிடுகின்றது. உரிய காலத்தில் கண்டறியாவிடில் இரு குழந்தைகளையுமே இழக்க நேரிடலாம். கண்டறிந்தால், இணைந்துள்ள குருதிக் குழாய்களை லேசர் ஒளியால் அடைக்கும் சிகிச்சை பெருநகரங்களில் உண்டு.

நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதைப் புறத்தோற்றத்தால் அறிய இயலாது. 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேன் பரிசோதனையே அதனைத் தெளிவாகக் காட்டும். ஒன்றே எனில், 16-ஆவது வாரம் முதல் இரு வாரங்களுக்கு ஒருமுறை பரிசோதனை தேவை. வயிறு திடீரெனப் பருத்து இறுகுதல், கடும் தலைவலி, பார்வை மங்கல், குருதிப் போக்கு, நீர்க்கசிவு, குழந்தைகளின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

இத்தாய்க்கு வாந்தியும் களைப்பும் மூச்சிரைப்பும் மிகுதியாக இருக்கும். அதனைச் சோம்பல் என வீட்டார் எண்ணலாகாது. குருதிச் சோகையும் இரத்தக் கொதிப்பும் இவர்களை எளிதில் பற்றுமாதலின், இரும்புச்சத்து மாத்திரைகளைத் தவறாது உட்கொள்ளச் செய்யவேண்டும். நடவு, களையெடுப்பு போன்ற கடும் உழைப்பிலிருந்து விலக்களித்தல் நன்று. ஒரே நஞ்சுக்கொடி இரட்டையரின் பிரசவத்தைப் பெரும்பாலும் 36, 37-ஆவது வாரங்களிலேயே மருத்துவர் முடித்துவிடுவர். வலி அதற்கு முன்னரே காண்பதும் உண்டு. ஆகவே, ஏழாம் மாத வளைகாப்பிற்கு முன்பாகவே, பச்சிளங் குழந்தைகளுக்கான தனிப் பிரிவுள்ள மருத்துவமனையை முடிவு செய்தல் வேண்டும்.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களின் பொறுப்பும் சிறிதன்று. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணும் முதல் 12 வாரங்களுக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துகொள்ளத் தூண்டுங்கள். இரு வாரத்திற்கு ஒருமுறை நகரம் சென்றுவர வசதியற்ற குடும்பத்திற்கு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். 2008-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் இயங்கும் 108 ஊர்தி மழைக்காலத்திலும் தெருமுனை வரை வந்து திரும்பும் வண்ணம் சாலையைச் செப்பனிட்டு வையுங்கள். காலத்தில் கிடைக்கும் இவ்வுதவியால் காக்கப்படுவன மூன்று உயிர்கள்.