குறி தவறக் கூடாத கண்ணாடிகள்

2016 மே மாதம், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மொஹாவி பாலைவனத்து இவன்பா சூரிய மின்நிலையத்தின் ஒரு கோபுரத்தில் தீப்பற்றியது. தீ வைத்தவை அதன் கண்ணாடிகளே! சில கண்ணாடிகள் திசை பிசகி, கொதிகலனில் விழவேண்டிய வெயிலைக் கோபுரத்தின் வேறொரு பகுதியில் குவித்துவிட்டன.

அங்கே மூன்று கோபுரங்களைச் சுற்றி சுமார் 1,73,500 கண்ணாடித் தாங்கிகள் நிற்கின்றன. இவை சூரியனை நேராகப் பார்ப்பதில்லை, கோபுரத்தையும் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் திசையை நோக்கி, நாள் முழுக்க மோட்டாரால் திரும்பிக்கொண்டே இருக்கின்றன. கண்ணாடி ஒரு டிகிரி பிசகினால் ஒளி இரண்டு டிகிரி விலகும். அரை கிலோமீட்டர் தொலைவில் அது 17 மீட்டருக்கும் அதிகம்.

இன்னொரு தொல்லை, சூரியன் புள்ளியல்ல. அரை டிகிரி அகல வட்டு. தட்டையான கண்ணாடி அனுப்பும் ஒளி போகப் போகப் பரவும். அதனால் பெரிய கண்ணாடிகளைக் கண்ணுக்குத் தெரியாத அளவு குழிவாக அமைக்கிறார்கள்.

ஸ்பெயினின் செவில் அருகே 2007-இல் தொடங்கிய பிஎஸ்10 நிலையத்தில், 120 சதுர மீட்டர் பரப்புள்ள 624 கண்ணாடிகளும் கோபுரத்துக்கு வடக்கே நிற்கின்றன. தெற்கு வானில் நகரும் சூரியனுக்கு அதுவே தோதான இடம்.

வடிவமைப்பு எவ்வளவு நேர்த்தியானாலும் தூசு விடாது. கழுவும் செலவைச் சேர்க்காத கணக்கு, கணக்கே அல்ல.