பேரன் எந்த வீட்டில், எத்தனை மாதம்?

என் பையனுக்குத் தடுப்பூசி அட்டை இரண்டு இருக்கிறது. ஒன்று இங்கே நியூஜெர்ஸியில் குழந்தை டாக்டர் கொடுத்தது. இன்னொன்று மாயவரத்தில் என் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்ட ஊசிகளுக்கானது. ஓரத்தில் காபிக் கறைகூட உண்டு. அந்த மாயவரம் அட்டையால் எங்களுக்கு 2,986 டாலர் நஷ்டம் என்றால் சிரிப்பீர்கள். அட்டை மேல் தப்பில்லை. அது உண்மையைத்தான் சொன்னது. நாங்கள்தான் தெரியாமல் மாற்றிச் சொல்லியிருந்தோம்.

2009 கடைசியில் இவருக்கு வேலை போயிற்று. அமெரிக்கா என்றாலே பணம் காய்ச்சி மரம் என்று ஊரில் நினைப்பார்கள். நான் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் நின்றேன். இவர் பெட்ரோல் பங்கில் சேர்ந்தார். (நியூஜெர்ஸியில் வண்டிக்காரர் தாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தராது. அதனால் அந்த வேலைக்கு ஆள் தேவை!) மூத்தவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். சின்னவனுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் என் சம்பளம் முழுதும் அதற்கே சரி.

அம்மா போனில் சொன்னாள்: "ஏண்டி இப்படி அல்லாடறே? புள்ளையைக் கொண்டாந்து எங்கிட்ட விட்டுட்டுப் போ. ஒரு வருஷம் நான் வளர்க்கிறேன்."

2010 ஏப்ரலில் கொண்டுபோய் விட்டேன். டிசம்பர் முதல் வாரம் திரும்ப அழைத்து வந்தேன். விமான நிலையத்தில் அவன் என்னைப் பார்த்து மிரண்டு, பாட்டியின் புடவைத் தலைப்பை விடமாட்டேன் என்று கத்தினானே, அதைப் பற்றி எழுத இங்கே இடமில்லை.

அந்த வருஷம் எங்கள் இருவர் சம்பாத்தியமும் சேர்ந்து இருபதாயிரம் டாலர்தான். வரிக் கணக்கு எழுதித் தருகிற கடை ஒன்றுக்குப் போனோம். "எத்தனை குழந்தைகள்?" "இரண்டு." "எண் இருக்கிறதா?" "இருக்கிறது." அவ்வளவுதான் கேள்வி. கூலியை வாங்கிக்கொண்டார்கள். சில வாரத்தில் அரசாங்கம் எங்களுக்கே பணம் அனுப்பியது! நாங்கள் கட்டிய வரியைத் திருப்பித் தந்தது மட்டும் இல்லை, அதற்கு மேலும். இவர் ரொம்பச் சங்கடப்பட்டார். "வேலை போனவன்னு இரக்கப்பட்டுப் போடற காசா இது? வேண்டாமே" என்றார்.

அது இரக்கக் காசு இல்லை. 'ஏர்ன்ட் இன்கம் டாக்ஸ் கிரெடிட்' என்று பெயர். எல்லோரும் சுருக்கமாக இ.ஐ.டி.சி. என்பார்கள். 1975-ல் ஆரம்பித்தது. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற ஏழைக் குடும்பத்தின் சம்பளத்திலும் சமூகப் பாதுகாப்பு வரி என்று ஒரு பங்கு பிடித்துவிடுகிறார்களே, அதை ஈடு செய்ய வேண்டும் என்று லூஸியானா செனட்டர் ரஸ்ஸல் லாங் வாதாடிக் கொண்டு வந்தார். முதல் வருஷம் அதிகபட்சம் 400 டாலர்தான். 1978-ல் நிரந்தரமாக்கினார்கள். வேலையே செய்யாதவருக்கு இது ஒரு காசும் கிடையாது. உழைத்தவருக்குத்தான் வரும். இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் இவர் அப்படிக் கூசியிருக்க மாட்டார்.

கணக்கு ஒரு மேடு மாதிரி. 2025-ம் வருஷத்து விதியைப் பாருங்கள். இரண்டு குழந்தை இருந்தால், சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 40 காசு சேரும். 17,880 டாலர் சம்பாதித்ததும் 7,152 டாலரில் ஏற்றம் நிற்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குக் கொடுத்தால் வருமானம் 30,470 டாலர் வரும் வரை அதே தொகை. பிறகு மெள்ள இறங்கி, 64,430 டாலரில் ஒன்றுமில்லாமல் போய்விடும். ஒரே குழந்தை என்றால் அதிகபட்சம் 4,328. மூன்றும் அதற்கு மேலும் என்றால் 8,046. குழந்தை இல்லாதவருக்கும் 25 முதல் 64 வயதுக்குள் உண்டு, ஆனால் 649-தான். நியூஜெர்ஸியில் இருந்தால் இந்தத் தொகையில் நூற்றுக்கு நாற்பது வீதம் மாநிலமும் தன் பங்காகத் தரும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். மறு வருஷம் வரி இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. குழந்தைகள் உங்களோடு வசித்ததற்கு அத்தாட்சி அனுப்புங்கள் என்று. பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கடிதம் வாங்கினேன், முடிந்தது. பையனுக்கு? குழந்தை டாக்டர் எழுதிக் கொடுத்த தாளில் மார்ச்சுக்குப் பிறகு டிசம்பர்தான். நடுவில் போட்ட ஊசி எல்லாம் மாயவரம் அட்டையில்.

குழந்தை அந்த வருஷத்தில் பாதிக்கு மேல் நம்மோடு, அமெரிக்காவில், ஒரே வீட்டில் வசித்திருக்க வேண்டும். இதுதான் விதி. பெற்றது நான், பால் பவுடரும் சட்டையும் வாங்கி அனுப்பியது நான், மாதாமாதம் பணம் அனுப்பியதும் நான். அதெல்லாம் கணக்கில் வராது. எங்கே தூங்கினான் என்பதுதான் கேள்வி. உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்தாலோ, படிக்க வெளியூர் போனாலோ, லீவுக்குப் போய் வந்தாலோ அது வீட்டில் இருந்த மாதிரியே சேரும். எட்டு மாதம் பாட்டி வளர்த்தது அப்படிச் சேராது.

இரண்டு குழந்தைக்கு 5,036 என்று வந்தது ஒரு குழந்தைக்கான 3,050 ஆயிற்று. அதில் 1,986. குழந்தைக்கென்று தனியாக வரும் சலுகையில் ஓர் ஆயிரம். மொத்தம் 2,986, வட்டி வேறு. மாநிலத்துக்கும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருந்தது. வந்த பணத்தை வாடகை பாக்கிக்குக் கொடுத்தாகிவிட்டது. தவணை முறையில் கட்டினோம். கணக்கு எழுதிய கடைக்காரர், "நீங்கள் சொல்லவில்லையே" என்றார். அவர் கேட்கவில்லை என்று நான் சொல்லலாம். ஆனால் தாளில் இருப்பது எங்கள் கையெழுத்து. தெரியாமல் செய்ததாக ஒப்புக்கொண்டதால் அதோடு போயிற்று. விதியை அலட்சியம் செய்தார்கள் என்று முடிவு கட்டினால் இரண்டு வருஷம், வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்றால் பத்து வருஷம் இந்தச் சலுகையே கேட்க முடியாது.

அதிலிருந்து தெரிந்தவர், புதிதாக வந்தவர் யாராக இருந்தாலும் நான் முதலில் கேட்பது, "குழந்தை எத்தனை மாசம் இங்கே இருந்தது?" இரண்டாவது, "யார் யாருக்கு என்ன எண்?" கணவன், மனைவி, குழந்தை மூவருக்கும் வேலை செய்ய அனுமதி உள்ள சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். மனைவிக்கு வரி கட்ட மட்டும் கொடுக்கும் எண் இருந்து, இருவரும் சேர்ந்து கணக்குக் கொடுத்தால் இ.ஐ.டி.சி. கிடையாது.

நம்மவர்கள் மறக்கிற இன்னொன்று ஊரில் போட்ட டெபாசிட். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லாவிட்டாலும் இங்கே காட்ட வேண்டும். வட்டி, டிவிடெண்ட், வீட்டு வாடகை லாபம் எல்லாம் சேர்ந்து 2025-ல் 11,950 டாலரைத் தாண்டினால் சலுகை போயிற்று. தையல் வேலை, அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது இவற்றில் வரும் காசும் சம்பாத்தியம்தான். வருஷத்தில் செலவு போக 400 டாலர் நின்றாலே கணக்குக் காட்ட வேண்டும். பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கூட்டுக் குடும்பத்தில் வேறு தகராறு. எங்கள் தெருவில் ஒரு பெண், மைத்துனர் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தாள். அவள் குழந்தையை மைத்துனர் தம் கணக்கில் முந்திச் சேர்த்துவிட்டார். இவள் அனுப்பிய கணக்கு, இந்த எண் ஏற்கெனவே வந்துவிட்டது என்று திரும்பி வந்தது. பெரியவரிடம் எப்படிக் கேட்பது என்று அழுதாள். கேட்கத்தான் வேண்டும். ஒரு குழந்தையை ஒருவர்தான் காட்டலாம். பெற்றவர்களுக்கே முதல் உரிமை. அவர்கள் வேண்டாம் என்று விட்டால்தான் மற்றவர், அதுவும் அவர் வருமானம் பெற்றவர்களுடையதைவிட அதிகமாக இருந்தால். அவர் கோபிக்கவில்லை, அவருக்கும் தெரியவில்லை. திருத்திக் கொடுத்தார்.

கணவன் விட்டுப் போய்விட்ட பெண்கள் தங்களுக்குக் கிடைக்காது என்றே நினைக்கிறார்கள். 2021 முதல் விதி தளர்ந்திருக்கிறது. வருஷத்தின் கடைசி ஆறு மாதம் கணவன் வேறு வீட்டில் இருந்து, குழந்தை வருஷத்தில் பாதிக்கு மேல் தாயோடு இருந்தால், விவாகரத்து ஆகாவிட்டாலும் தனியாகக் கேட்கலாம். கேட்காமல் விட்ட வருஷங்களுக்கும் மூன்று வருஷம் வரை பின்னால் போய்க் கேட்கலாம். தகுதி உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் கேட்பதே இல்லை என்று வரி இலாகாவே சொல்கிறது.

கூலி கொடுத்துத்தான் எழுத வேண்டும் என்பதில்லை. 'வீட்டா' என்று தொண்டர்கள், ஜனவரி முதல் ஏப்ரல் வரை பல ஊர் நூலகங்களில் உட்கார்ந்து இலவசமாக எழுதித் தருகிறார்கள். அவர்கள் கேள்வி கேட்டுத் துளைப்பார்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அந்தக் கேள்விகளுக்காகத்தான் போகிறோம். பணம் பிப்ரவரி பாதிக்கு முன்னால் வராது, சட்டமே அப்படி. நாளைக்கே தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது கடன்.

போன மாதம் என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம் என்று பேச்சு வந்தது. அவளும் இங்கேதான் இருக்கிறாள். அம்மாவுக்கு எழுபத்தாறு வயதாகிறது, ஆசை விடவில்லை. "பெரியவனை எங்கிட்ட அனுப்பச் சொல்லேன். எட்டு மாசம் வெச்சுக்கறேன்" என்றாள். நான் விதியைச் சொன்னேன். ஒவ்வொரு ஜனவரியிலும் கணக்கு புதிதாக ஆரம்பிக்கிறது என்றும் சொன்னேன்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. விரல் விட்டு எண்ணியிருப்பாள்.

"அப்ப செப்டம்பர்ல கூட்டிட்டு வந்து ஏப்ரல் கடைசியில கொண்டு போனா? இந்த வருஷம் நாலு, அந்த வருஷம் நாலு. ரெண்டுலயும் பாதியைத் தாண்டலையே?"

தாண்டவில்லைதான்.

"அதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.